நூற்றுப் பன்னிரண்டு படிக்கு ஒரு பேஸ் பெட்டி

ஜயாவ், ஷில்லாங்
9 பிப்ரவரி 2011

அன்புள்ள பாஹ் கிட்டுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்காலுக்குத்தான் இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் சுரங்க முகாமில் குளிர் எப்படி? அனுப்பிய கம்பளிக் காலுறை வந்து சேர்ந்ததா? அருணாசல் மலைக்குள் செல்போன் கோபுரம் என்றைக்கு வருமோ, அதுவரை பத்து நாளைக்கு ஒருமுறை இறங்கும் உங்கள் ஜீப்பை நம்பித்தான் அண்ணன் தங்கை உறவே ஓடவேண்டும்.

ஒன்று கேட்கவேண்டும், சிரிக்கக் கூடாது. கச்சேரிக்கு எடுத்துப்போக, என் பேஸ் கிதாருக்கு எடை குறைந்த, சின்ன ஆம்ப் பெட்டி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். பத்து கிலோவுக்குள் என்ன கிடைக்கும்? ஒரு கையால் தூக்க வரவேண்டும். ஷேர் டாக்ஸியில் மடியில் வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. மின்சாரமும் ஒலிபெருக்கியும் தெரிந்தவர் என்று எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் செய்து தந்த பெட்டிமேல் குறை சொல்லவில்லை. தோளில் சின்னப் பிடிப்பு, அவ்வளவுதான். அதனால் நம் ‘ஈரக் காலணிகள்’ குழுவில் இந்த மாதம் எனக்குப் பதில் ரிக்கி பேஸ் வாசிக்கிறான். நேற்று டிரம்ஸ் வாசிக்கிற ஷான்போர் நம் வீட்டுக்கு வந்தார். குழுவின் தலைவர் இல்லையா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

“ஜூன் நாலாம் தேதி மாவ்லாய் மைதானத்துல வாசிக்கிறோம். அன்னைக்கு நீ உன் பெட்டியோட வந்தா இடம் உன்னுது. வராட்டி ரிக்கியையே வெச்சுக்கறேன், டாரி. ஒரு குழுவை எத்தனை மாசம் தொங்கல்ல விட முடியும்?”

“பெட்டியை வேற யாராச்சும் தூக்கித் தந்தா?”

“அவங்கவங்க சாமானை அவங்கவங்கதான் தூக்கணும். இந்த விதியைப் போட்டது யாரு, நானா?”

நான்தான் போட்டேன். ‘பொம்பளைப் புள்ள, நாங்க தூக்கறோம்’ என்று வந்தவர்கள் எல்லாம், பிறகு எந்தப் பாட்டை எப்படி வாசிக்கவேண்டும் என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். அதனால் பத்து வருஷத்துக்கு முன்னால் போட்ட விதி. இப்போது எனக்காக அதை வளைக்கச் சொல்லமாட்டேன். ஜூன் நாலாம் தேதி என் பெட்டியோடு போய் நிற்பேன்.

சீக்கிரம் எழுதுங்கள், முன்கூட்டியே நன்றி. குப்லெய்.

உங்கள் தங்கை,
டாரிஹுன்


முகாம்
27 பிப்ரவரி

அன்பு ஹெப் டாரிக்கு,

காலுறை வந்தது. அம்மா ஒரு காலை மற்றதைவிட இரண்டு அங்குலம் நீளமாகப் பின்னியிருக்கிறாள், பரவாயில்லை, கதகதப்பு ஒன்றுதான். நான் நலம். அம்மாவின் முழங்காலுக்குச் சூடான ஒத்தடம் கொடு.

பத்து கிலோவில் பேஸ் பெட்டியா? அதற்குப் பெயர் டிபன் கேரியர். நான் செய்து தந்தது முப்பத்தாறு கிலோ. பதினைந்து அங்குல ஒலிபெருக்கி, தேக்குப் பலகை, உள்ளே ஆட்டுக்குட்டி எடைக்கு ஓர் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். நீ தடித்த கம்பியைத் தொட்டால் எதிர்மலையில் நாய் எழுந்து உட்காரும். பதினெட்டு வருஷம் அதன் இரு பக்கக் கைப்பிடியிலும் நெற்றிப் பட்டையைக் கோத்து முதுகில் சுமந்து, வீட்டிலிருந்து ரோட்டுக்கு அந்த நூற்றுப் பன்னிரண்டு படியையும் ஏறியவள் நீ. இப்போது என்ன திடீரென்று? வயதாகிவிட்டதா?

நம் காசி வழக்கப்படி வீடு கடைசிப் பெண்ணுக்கு, அதாவது உனக்கு. உன் வீட்டில் என் பெட்டி குடியிருக்கிறது. துரத்துவதானால் ஒரு வார்த்தை சொல், அது பாவம் எங்கே போகும்?

உன் கையெழுத்து ஏன் நண்டு நடந்த மாதிரி இருக்கிறது?

பெட்டியின் இடது பக்கக் கைப்பிடி எப்படி இருக்கிறது? சும்மா கேட்டேன்.

கிட்போக்


ஜயாவ்
8 மார்ச்

அன்புள்ள பாஹ் கிட்டுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு ஒத்தடம் நடக்கிறது, அதோடு உங்களைத் திட்டுவதும் நடக்கிறது. காலுறையைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டியது என் தப்பு.

போன கடிதத்தை டாக்ஸியில் வைத்து எழுதினேன், பின்னால் நாலு பேர், என் முழங்கைமேல் ஒரு கோழிக் கூடை. நண்டு அதனால் நடந்தது.

கைப்பிடியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், கவலை வேண்டாம்.

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. எனக்கு வயதாகவும் இல்லை. முதுகில் சுமப்பதை நிறுத்திவிட்டேன், ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். பத்து கிலோவுக்கு மேல் வேண்டாம், ஒரு கையால் தூக்கவேண்டும், டிரம்ஸ் பக்கத்தில் காணாமல் போகக் கூடாது. இந்த மூன்றும் ஒரே பெட்டியில் கிடைக்குமா கிடைக்காதா? கிடைக்காது என்றால் நேராகச் சொல்லுங்கள், நான் வேறு ஆளைக் கேட்கிறேன்.

டாரிஹுன்


முகாம்
30 மார்ச்

அன்பு டாரி,

வேறு ஆளைக் கேட்பாயா? கேள், கேள். கடைக்காரன் ‘முந்நூறு வாட்’ என்பான், நீயும் தலையாட்டுவாய்.

நான் நலம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. கேலி போதும், வேலைக்கு வருகிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

இப்போதைய சின்ன ஆம்ப்களில் இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, வேறு வகை மின்சுற்று. அதனால்தான் அவை அவ்வளவு லேசு. ஒலிபெருக்கியின் காந்தமும் புது வகையில் கைக்கடக்கமாக வருகிறது. எடை குறைந்ததால் சத்தம் குறையாது. நான் நம்பவில்லை, முகாமுக்கு வந்த ஒரு பொறியாளரின் பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

ஆனால் மூன்றைக் கவனி. பெட்டிமேல் எழுதியிருக்கும் வாட், வெளியே இன்னொரு ஒலிபெருக்கி மாட்டினால் வருவது. தனியாக ஓடும்போது எவ்வளவு என்று கேள், பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். இரண்டாவது, எட்டு அங்குல ஒலிபெருக்கி பேச்சுக்குப் போதும், உன் தடித்த கம்பிக்குப் போதாது. பன்னிரண்டு அங்குலம் பார். மூன்றாவது, ஆம்ப் தனி, ஒலிபெருக்கி தனி என்று இரண்டு துண்டாக வருவதைக் கேட்டுப் பார். எதையும் நம் வீட்டுக்குள் வைத்துக் கேட்டு முடிவு செய்யாதே. வெளியே எடுத்துப் போய்க் கேள்.

கைப்பிடியைப் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். சரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கிட்


ஜயாவ்
18 ஏப்ரல்

அன்புள்ள பாஹ் கிட்,

வாங்கிவிட்டேன்!

நாங்கள் நலம், அம்மா நலம், அண்டை வீடும் நலம், எல்லோரும் இரண்டு நாளாகக் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். குவாஹாட்டிக் கடையில் எடுத்தேன். ஆறு கிலோ! எட்டு அங்குலம்தான், கோபிக்க வேண்டாம், முதலில் கேளுங்கள். கையில் பிடித்தால் ஒரு வாளித் தண்ணீரின் எடைகூட இல்லை. டாக்ஸியில் மடியில் வைத்து வந்தேன், பக்கத்தில் இருந்த அம்மாள் தையல் மெஷினா என்று கேட்டார்.

நடு அறையில் வைத்துத் தடித்த கம்பியைத் தட்டினேன். தரை அதிர்ந்தது. அலமாரியில் தட்டுகள் ஆடின. அம்மா அடுப்படியிலிருந்து, “ஏண்டி, நிலநடுக்கம் வந்தா ஓடிவரச் சொல்லமாட்டியா?” என்று கத்தினாள். இரண்டு துண்டுப் பெட்டியையும் கடையில் பார்த்தேன், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை. இது போதும் என்று தோன்றிவிட்டது.

ஜூன் நாலுக்கு இன்னும் ஆறு வாரம். தினமும் இரண்டு மணி நேரம் வாசிக்கிறேன், தோள் பிடிப்பும் இளகுகிறது. ஷான்போரின் முகத்தை அன்றைக்குப் பார்க்கவேண்டும்.

குப்லெய், குப்லெய், குப்லெய்.

டாரிஹுன்


முகாம்
2 மே

டாரி,

நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம், ஜீப் கிளம்புகிறது.

நடு அறையில் வைத்தா கேட்டாய்? நம் வீடு அஸ்ஸாம் வீடு. தரை பலகை, பலகைக்கு அடியில் ஒரு ஆள் குனிந்து போகிற வெற்றிடம், சுவர் நாணல். அந்த வீடே ஒரு பெரிய டிரம். அதன்மேல் தையல் மெஷினை வைத்தாலும் பேஸ் மாதிரி கேட்கும். தட்டு ஆடியது பெட்டியால் இல்லை, தரையால்.

இப்போதே மைதானத்துக்கு எடுத்துப் போ. ஷான்போரை டிரம்ஸ் அடிக்கச் சொல். நாற்பது அடி தள்ளி நின்று யாரையாவது கேட்கச் சொல். கடையில் மாற்றிக்கொள்ள இன்னும் நாள் இருக்கும்.

கிட்


ஜயாவ்
12 ஜூன்

அன்புள்ள பாஹ் கிட்டுக்கு,

மண்சரிவில் உங்கள் ஜீப் நின்றுபோனதாகச் செய்தி படித்தோம். நீங்கள் நலம்தானே? அம்மா ஒரு வாரம் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. உங்கள் மே மாதக் கடிதம் ஜூன் ஏழாம் தேதி கைக்கு வந்தது. நிகழ்ச்சி நாலாம் தேதி முடிந்துவிட்டது.

நீங்கள் எழுதியதுதான் நடந்தது. பிற்பகல் மூன்று மணி, நல்ல வெயில், புல்தரை. முதல் பாட்டில் ஷான்போர் டிரம்ஸ் பெடலை மிதித்ததும் என் சத்தம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாக் குமிழையும் கடைசிவரை திருப்பினேன். பெட்டி கரகரவென்று தும்மியது. முன்வரிசையில் ஒருவர், அக்கா முறை வைத்து, “கோங், உங்க கிதார் சுவிட்ச் போடலையோ?” என்று அக்கறையாகக் கேட்டார். ரிக்கி பார்க்க வந்திருந்தான், தன் பெட்டி டாக்ஸியில் இருந்ததாம். ஓடிப்போய் எடுத்துவந்து என் ஒயரைப் பிடுங்கி அதில் செருகினான். மீதி ஒன்பது பாட்டும் அவன் பெட்டியில் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன், ஆனால் அவன் பெட்டியில்.

அவமானமாக இருந்தது. முடிந்ததும் ஷான்போரிடம் போய், இன்னொரு தடவை தாருங்கள் என்று கேட்டேன். நான் யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லாதவள், உங்களுக்குத் தெரியும். ரிக்கிதான், “எனக்கு அவசரமில்லை பாஹ்” என்றான். செப்டம்பர் மூன்று என்றார் ஷான்போர். அதுதான் கடைசி.

இனி மறைத்துப் பயனில்லை. ஜனவரி பன்னிரண்டு அன்று உங்கள் பெட்டியை முதுகில் சுமந்து ஏறும்போது, எழுபதாவது படியில் பாசி வழுக்கி விழுந்தேன். வலது காறை எலும்பு உடைந்துவிட்டது. சேர்ந்துவிட்டது, கொஞ்சம் கோணல். முதுகில் இனி பாரம் கூடாது, கையில் பத்து கிலோவுக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவீர்கள் என்றுதான் எழுதவில்லை.

டாரிஹுன்


முகாம்
21 ஜூன்

டாரி,

ஜனவரியில் பாசி ஏது? குளிர்காலத்தில் அந்தப் படி காய்ந்து கிடக்கும். நானும் அதில் நாற்பது வருஷம் ஏறியவன்.

பெட்டியில் மாட்டியிருக்கிற கைப்பிடியை யாரும் பத்திரமாக வைத்திருக்கமாட்டார்கள். கழன்று விழுந்ததைத்தான் வைப்பார்கள். நீ மார்ச்சில் அப்படி எழுதியதைப் படித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் நான் சொல்லவேண்டி வரும்.

போன அக்டோபரில் வந்தபோது இடது கைப்பிடி ஆடியதே, நான்தானே கழற்றி மாட்டினேன். நாலு திருகு போடவேண்டிய இடத்தில் இரண்டுதான் போட்டேன். மற்ற இரண்டும் பலகை இடுக்கில் விழுந்துவிட்டன, மேலே ரோட்டில் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவும் இல்லை. இங்கே ஒரு திருகு குறைந்தால் உதவியாளர்களைக் கிழிகிழியென்று கிழிக்கிறவன் நான்.

உன் எலும்பை உடைத்தது நான். இதற்குமேல் எழுத வரவில்லை.

கிட்போக்


ஜயாவ்
10 ஜூலை

பாஹ் கிட்,

அம்மா நலம், நானும் நலம். நீங்கள் நலமாக இல்லை என்று தெரிகிறது, அதனால் இதை உட்கார்ந்து படியுங்கள்.

எனக்கு ஜனவரியிலேயே தெரியும். கைப்பிடி பிய்ந்து வந்தபோது அதோடு இரண்டு திருகுதான் வந்தன. ஒரு பக்கப் பிடி போனதும் பெட்டி சரிந்து என்னை இழுத்துக்கொண்டு போனது. படியில் கிடந்தபடியே அந்த இரண்டையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டேன், யார் கண்ணிலும் படக் கூடாது என்று. கைப்பிடியும் திருகும் அம்மாவின் பாக்கு டப்பாவில் இருக்கின்றன.

உங்கள்மேல் கோபம் வந்தது. நிறையவே வந்தது. பிப்ரவரி முழுக்க இருந்தது. கட்டுப்போட்ட கையால் உங்களுக்குக் கடிதம் எழுதும்போதும் இருந்தது. பிறகு தீர்ந்துவிட்டது, அதைத் திரும்பக் கிளறாதீர்கள். முப்பத்தாறு கிலோவைச் சுமக்கிறவள் ஏறுமுன் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்திருக்கலாம். நானும் பார்க்கவில்லை.

இதைப் பற்றி இனி ஒரு வரி எழுதினாலும் பதில் போடமாட்டேன். செப்டம்பர் மூன்றுக்கு ஐம்பத்தைந்து நாள்தான் இருக்கிறது. ஆறு கிலோப் பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்கிறாராம், முகம் மட்டும் சுளிக்கிறார். இரண்டு துண்டுப் பெட்டியில் எதைப் பார்க்கவேண்டும்? எழுதுங்கள். அழுதுகொண்டு எழுதினாலும் பரவாயில்லை, எண்கள் சரியாக இருக்கட்டும்.

உங்கள் தங்கை,
டாரிஹுன்


முகாம்
25 ஜூலை

அன்பு ஹெப் டாரிக்கு,

நலம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீ சொன்னபடி அதைப் பற்றி எழுதவில்லை.

ஒலிபெருக்கிப் பெட்டி: பன்னிரண்டு அங்குலம், புது வகைக் காந்தம், பத்து கிலோவுக்குள். கைப்பிடி மேலே நடுவில் இருக்கவேண்டும், பக்கவாட்டில் வேண்டாம். ஆம்ப்: தனி, தோள் பையில் போகிற அளவு, இரண்டரை கிலோவுக்கு மேல் எதற்கு? பெட்டிக்கு மின்தடை எட்டு ஓம் என்று எழுதியிருந்தால், ஆம்ப் எட்டு ஓமில் எத்தனை வாட் என்று பார், இருநூற்றைம்பதுக்குக் குறையக் கூடாது. மைதானத்தில் தரையில் வைக்காதே, ஒரு நாற்காலிமேல் காது மட்டத்துக்கு ஏற்றிவை. உன் சத்தம் உனக்குக் கேட்டால் நீ குமிழைத் தேவையில்லாமல் திருப்பமாட்டாய்.

இரண்டு துண்டு என்பதால் படியை இரண்டு தடவை ஏறவேண்டும். ஒரே தடவையில் முடிக்கப் பார்க்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

உறைக்குள் இரண்டு திருகு வைத்திருக்கிறேன். பித்தளை, ஒன்றரை அங்குலம். பழைய பெட்டியை நீ தூக்கவேண்டாம், யாருமே தூக்கவேண்டாம். ஆனால் அந்தக் கைப்பிடியை மாட்டிவிடு.

கிட்


ஜயாவ்
5 செப்டம்பர்

அன்புள்ள பாஹ் கிட்டுக்கு,

நாங்கள் சுகம். அம்மா உங்களுக்கு ஒரே நீளத்தில் இரண்டு காலுறை பின்னி முடித்துவிட்டாள், அளந்து காட்டிவிட்டுத்தான் வைத்தாள்.

ஒன்பதரை கிலோவில் பெட்டி, இரண்டு கிலோ முந்நூறில் ஆம்ப். இந்த முறை வாங்கியதும் வீட்டுக்கே கொண்டுபோகவில்லை. டாக்ஸியிலிருந்து இறங்கி நேராக மைதானம். ரிக்கிதான் நாற்பது அடி தள்ளி நின்று கேட்டான். “கேக்குது கோங், வயித்துல கேக்குது” என்றான்.

மூன்றாம் தேதி மதியம் ஷான்போர் நம் வீட்டுக்கு வந்தார். மழை விட்டுப் படியெல்லாம் ஈரம். நான் பெட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். எழுபதாவது படியில் நின்றேன், மூச்சு வாங்க என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பினால் இரண்டு படி கீழே அவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருகிறார். மேலே ரோட்டில் வைத்துவிட்டுத் திரும்ப இறங்கினேன், அவரும் இறங்கினார். ஆம்பைத் தோளிலும் கிதாரைக் கையிலும் எடுத்து மறுபடி ஏறினேன், அவரும் ஏறினார்.

“எதுக்கு பாஹ் வெறுங்கையோட ரெண்டு தடவை ஏறிக்கிட்டு? மேலயே நிக்கலாமே?”

“தூக்கக் கூடாதுன்னுதானே விதி போட்டே? விழுந்தா பிடிக்கக் கூடாதுன்னு போடலையே.”

மீதிப் படியையும் ஏறினேன். டாக்ஸியில் பெட்டி என் மடியில், யாரும் தையல் மெஷினா என்று கேட்கவில்லை.

பன்னிரண்டு பாட்டு வாசித்தோம். நாலாவது பாட்டில் தடித்த கம்பியைத் தொட்டபோது முன்வரிசைக்காரர்கள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்கள். முடிந்ததும் ஷான்போர் குச்சிகளைத் துணியில் சுற்றியபடி, “செவ்வாய்க்கிழமை ஒத்திகை, நாலு மணி, லேட்டா வராதே” என்றார். அவ்வளவுதான் சொன்னார், அது போதும். ரிக்கிக்கு வேறு குழு கிடைத்துவிட்டது, மகிழ்ச்சியாகவே போனான்.

உங்கள் பழைய பெட்டி நடு அறை ஜன்னலோரம் இருக்கிறது. அம்மா அதன்மேல் உட்கார்ந்துதான் இப்போது பாக்கு வெட்டுகிறாள், உயரம் முழங்காலுக்குச் சரியாக இருக்கிறதாம். நேற்று அவளை எழுப்பிவிட்டு இடது கைப்பிடியை மாட்டினேன். டப்பாவில் இருந்த இரண்டு, நீங்கள் அனுப்பிய இரண்டு, நாலு திருகு. இனி அதை யாரும் தூக்கப்போவதில்லை. இருந்தாலும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

லீவு கிடைத்ததும் வாருங்கள். ஏறி இறங்க நானும் கூட வருகிறேன், வெறுங்கையோடு.

உங்கள் தங்கை,
டாரிஹுன்